இன்று யாருக்கு

சித்திரையில் திறந்த அருங்காட்சியகத்தில் ஒலிபெருக்கி மட்டும் துணி மூடிக் கிடந்தது.

இரண்டே அறை. முன்னறையில் பொன்னுத்தாயியின் படங்கள், வெற்றிலைப் பெட்டி, வானொலி நிலையம் கொடுத்த சான்றிதழ். பின்னறையில் அவர் குரல்: பதிவு செய்த நாற்பத்தொரு ஒப்பாரிகள். உயிரோடு இருந்தவரை அமராவதிபுதூரைச் சுற்றி எங்கே சாவு விழுந்தாலும் அவரைத்தான் கூட்டிப்போனார்கள். ஆனால் சாவில்லாத தெருவில் ஒப்பாரி கேட்கக்கூடாது.

சாவி மருமகள் வீரலட்சுமியிடம் இருந்தது. அவள் துணியை எடுத்தாலே எதிர்வீட்டு சேவுகப்பெருமாள் வந்து நின்றார்.

“கோயில்ல காப்புக் கட்டியிருக்கு ஆத்தா.”

வைகாசியில் தெருவுக்குள் இரண்டு கல்யாணம். ஆனியில் ஒரு புதுமனை. ஆடியில் முளைப்பாரி. ஆவணியில் சேவுகப்பெருமாளின் மகள் கீர்த்திக்கு நிச்சயம். வீரலட்சுமி ஒவ்வொரு முறையும் துணியைத் திரும்பப் போட்டாள்.

புரட்டாசியில் சிவகங்கையிலிருந்து அருங்காட்சியகத்தைப் பார்வையிட அதிகாரி வந்தார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். ‘பயன்பாட்டில் இல்லை’ என்று எழுதினார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் பதிவுகளைச் சிவகங்கைக்கு எடுத்துப்போய் அலமாரியில் வைத்துவிடுவோம் என்றார்.

அன்று சாயங்காலம் அவள் எதிர்வீட்டுக்குப் போனாள்.

“எப்பத்தான் போடச் சொல்றீக அண்ணே?”

“யாராச்சும் செத்தாப் போடு. யாரு வேணாங்குறா?”

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

“செத்த நாளு வருசா வருசம் வருதுல்ல? அன்னைக்குப் போடுறேன். பேரை வாசல்ல எழுதி வச்சிட்டுப் போடுறேன்.”

அவர் மோவாயைத் தடவினார்.

“மெய்யான பேரா இருக்கணும். பேரு இல்லாத நாள்ல சத்தம் வரக்கூடாது.”

“வராது.”

மறுநாள் தினசரி காலண்டரைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனாள். யாருக்கும் ஆங்கிலத் தேதி தெரியவில்லை. ‘கார்த்திகை அமாவாசைக்கு முந்தின நாள்’ என்றார்கள். ‘நடவு முடிஞ்ச மறுநாள்’ என்றார்கள். கணக்குப் பார்த்து அந்தந்தத் தாளில் பேரை எழுதினாள்.

“என் மாமியாளுக்கா?” என்றாள் அக்கம்மாள். “இருந்தப்ப அழ வச்சது பத்தாதா? செத்தும் அழணுமா?”

பிறகு நாளைச் சொன்னாள்.

புரட்டாசி இருபதில் முதல் பேர். காலை பத்து மணிக்குப் பின்னறையில் பொன்னுத்தாயி பாடினார். வாசல் சிலேட்டில் இறந்தவர் பேர். ஏழு பேர் வந்து உட்கார்ந்தார்கள். அதன் பிறகு பேர் இருந்த நாளெல்லாம் பாட்டு. இல்லாத நாளில் சிலேட்டு வெறுமனே இருந்தது.

ஐப்பசி ஏழு வெறும் நாள். அன்றைக்குத்தான் ஜீப் வந்தது.

கீர்த்தியின் கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. எதிரே பந்தல்கால் ஊன்றியாகிவிட்டது. சேவுகப்பெருமாள் வாழைமரத்தைப் பிடித்தபடி இங்கேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போடுங்கம்மா” என்றார் அதிகாரி.

“இன்னைக்குப் பேரு இல்ல சார்.”

“ஏதாவது ஒரு பேரை எழுதுங்க. யாருக்குத் தெரியப்போகுது?”

“எங்க அத்தை வாயைத் தொறக்குமுன்ன பேரு கேப்பாக. பிறந்த ஊரு கேப்பாக. பிள்ளைக எத்தனைன்னு கேப்பாக. பொய்ப் பேருக்குப் பாட மாட்டாக.”

“நான் என்னம்மா எழுதுறது?”

“உங்க வீட்டுல யாராச்சும் இருக்காகளா சார்? இந்த நாள்ல?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டிவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

“எங்க அக்கா,” என்றார் வாசலில் நின்ற ஜீப் டிரைவர். மாயக்கண்ணன் என்று பேர். “செத்துப் பல வருசம் ஆச்சு. அந்த நாளு இன்னைக்கு இல்ல. நேத்து. நேத்து டூட்டில இருந்தேன். படையல் ஒண்ணும் போட முடியல.”

வீரலட்சுமி காலண்டரைக் கையில் எடுத்தாள்.

“பேரு?”

“துர்காதேவி.”

“பிறந்த ஊரு?”

“திருப்பத்தூர் பக்கம்.”

“பிள்ளைக?”

“இல்ல. என்னையத்தான் வளத்துச்சு.”

வாழைமரத்தை விட்டுவிட்டு சேவுகப்பெருமாள் தெருவைத் தாண்டி வந்தார்.

“நேத்து வந்த நாளுக்கு இன்னைக்கா?”

“நேத்து அழாதவரு இன்னைக்கு அழுதுட்டுப் போகட்டும் அண்ணே. ஒங்க பந்தக்காலுக்கு ஒண்ணும் ஆகாது.”

அவர் டிரைவரைப் பார்த்தார். காக்கிச் சட்டையின் மேல் பொத்தானை டிரைவர் திருகிக்கொண்டிருந்தார். சேவுகப்பெருமாள் தன் வீட்டுக்குப் போனார். ஜன்னலைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தாள். அவர் பந்தலில் ஆணி அடித்துக்கொண்டிருந்தவர்களிடம் என்னவோ சொன்னார். சுத்தியல் நின்றது.

அவள் சிலேட்டில் பேரை எழுதி வாசலில் சாய்த்து வைத்தாள்.

“அக்காவுக்குன்னு தனிப்பாட்டு இல்ல. தாய்க்குப் பாடுனதப் போடவா?”

மாயக்கண்ணன் தலையை ஆட்டினார்.

பதினோரு நிமிடம். அதிகாரி முதலில் நின்றார், பிறகு உட்கார்ந்தார். முடிந்ததும் காகிதத்தில் ‘இல்லை’ என்ற சொல்லை அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். டிரைவர் முகம் கழுவத் தண்ணீர் கேட்டார்.

ஜீப் போனதும் எதிரே சுத்தியல் தொடங்கியது. வீரலட்சுமி காலண்டரைப் புரட்டினாள். ஐப்பசி எட்டு, காலி. ஒன்பது, காலி. பத்து கல்யாணம், அன்றைக்குக் காலியாகவே இருக்கட்டும். பதினொன்றும் காலி.

கதவைப் பூட்டினாள். பள்ளத்தூர் பஸ் ஒன்றரைக்கு. அங்கே இன்னும் ஒரு வீட்டிலும் பேர் கேட்கவில்லை.