வீட்டைப் பார்க்க வந்த அம்மாள்

பெயின்டர் ஊரார் வீட்டுச் சுவரையெல்லாம் பளபளக்க வைப்பார். அவர் குடியிருந்த வாடகை அறையின் சுவரோ, தொட்டால் உதிரும். அந்த அறையில்தான் அவரும் மனைவியும் ஒரே மகளும் இருந்தார்கள். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. உதவித்தொகை வந்தால் சேரலாம், வராவிட்டால் துணிக்கடை வேலைதான் என்பது மூவருக்குமே தெரியும்.

நூலகத்துக் கம்ப்யூட்டரே கதியென்று கிடந்து, அவள் எங்கெங்கோ விண்ணப்பம் போட்டாள். ஒரே ஓர் அறக்கட்டளைதான் பதில் எழுதியது.

"செவ்வாக்கிழமை நம்ம வீட்டைப் பாக்க ஒருத்தங்க வருவாங்கப்பா" என்றாள்.

எதற்கு வருகிறார்கள் என்று சொல்லவில்லை. நம் இல்லாமை நிஜம்தானா என்று பார்க்க வருகிறார்கள் என்பதைப் பெற்ற அப்பனிடம் சொல்ல எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? அவரும் கேட்கவில்லை. ஒருவர் வீடு தேடி வந்து பார்க்கிறார் என்றால், இவர்களை நம்பலாமா, இவர்கள் கௌரவமானவர்களா என்று பார்க்கத்தான் வருவார். அவருக்குத் தெரிந்த உலகம் அவ்வளவுதான்.

செவ்வாய்க்கிழமை மகள் தட்டச்சு வகுப்புக்குக் கிளம்பியதுதான் தாமதம், மனுஷன் மளமளவென்று இறங்கிவிட்டார். மிச்சம் மீதி டப்பாக்களைக் கலந்து, வாசலில் நின்றால் கண்ணில் படும் சுவருக்கு இளம்பச்சை அடித்தார். மாடித் தையல்காரரின் சோபா இறங்கி வந்தது. பக்கத்து வீட்டு ஃப்ரிட்ஜும் நகர்ந்து வந்தது.

"ஏங்க, இது நம்ம வீடுதானா? நான் வழி தெரியாம வந்துட்டேனா?" என்றாள் மனைவி.

"கேலி பண்ணாத. நாளைக்கு நம்ம பொண்ணை அவங்க இளக்காரமா நினைச்சிடக் கூடாது, ஆமா."

அவளும் உருகிப்போய் ஒரு துணியை எடுத்து ஃப்ரிட்ஜைத் துடைத்தாள்.

மத்தியானம் கண்ணாடி போட்ட ஓர் அம்மாள் வந்தார். சோபாவில் உட்கார்ந்தார். சில்லென்று தண்ணீர் குடித்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "சோபா, ஃப்ரிட்ஜ் எல்லாம் உங்களோடதுதானே?" என்று கேட்டார்.

கேள்வி வந்துவிட்டது. உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் ஏது? மனைவி தரையைப் பார்த்தாள்.

"எங்களோடதுதாம்மா. கடவுள் புண்ணியத்துல ஒரு குறையும் இல்ல" என்றார் பெயின்டர்.

நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொன்னார்கள்! அந்த அம்மாள் எழுதிக்கொண்டு, புன்னகையோடு விடைபெற்றார்.

"முகத்தைப் பாத்தியா? ரொம்பத் திருப்தி" என்று பெயின்டர் பூரித்துப் போனார்.

மகள் திரும்பியபோது அப்பாவும் தையல்காரரும் சோபாவை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவள் படியடியிலேயே நின்றுவிட்டாள். உள்ளே பெயின்ட் வாசனை.

"என்னம்மா, கலர் பிடிக்கலையா?"

"நல்லாயிருக்குப்பா" என்றாள். அன்று அவள் சாப்பிடவில்லை.

பதில் வந்தது. குடும்பம் வசதியாக இருப்பதால் உதவி செய்ய இயலவில்லையாம். அதற்குப் பிறகுதான் மனைவி மகளிடம் விவரம் கேட்டு, அவருக்கு விளக்கிச் சொன்னாள். பெயின்டர் வேலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கையில் காய்ந்த பெயின்ட்டோடு அந்த அலுவலகத்துக்கு ஓடினார்.

"எல்லாம் இரவல்மா. நான் பொய் சொல்லிட்டேன்."

அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றினார். "கிடைக்காத எல்லாருமே இப்ப வந்து இதைத்தாங்க சொல்றாங்க. நான் யாரை நம்பட்டும்? உதவித்தொகையை வேற பொண்ணுக்குக் குடுத்தாச்சு. அடுத்த வருஷம் திரும்பப் போடச் சொல்லுங்க."

வீட்டுக்கு வந்தபோது, மறுநாள் துணிக்கடைக்குப் போட்டுக்கொள்ளச் சீருடையை மகள் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் பச்சைச் சுவரடியில் குந்தினார். கைக்கு எட்டியதை அவரே தட்டிவிட்டார்.

"என்னை நாலு வார்த்தை திட்டிடு தாயி."

"எதுக்குப்பா? நான்தான் விவரமாச் சொல்லியிருக்கணும்." இஸ்திரிப் பெட்டி துணிமேல் போய்ப் போய் வந்தது. "அடுத்த வருஷம் திரும்பப் போடறேன். ஆனா, அவங்க வர்ற அன்னிக்கு..."

"சொல்லும்மா."

"நீங்க வேலைக்குப் போயிடுங்கப்பா."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தாங்கியிருப்பார்.

"போயிடறேம்மா" என்றார்.