துழாவி எங்கே இருக்க வேண்டும்?

தட்டாஞ்சாவடியில் அட்டைப்பெட்டிக் கம்பெனிக்கு மேல்மாடியில் ஒரு பிரவுசர் கம்பெனி இருக்கிறது என்றால் யாரும் நம்புவதில்லை. ஆனால் இருக்கிறது. ஆள் ஆறு பேர், கருத்து மட்டும் ஏழு.

அன்று பிற்பகல் தூறல். கீழே அட்டை அழுத்தும் மெஷின் தாலாட்டுகிற மாதிரி தொம், தொம் என்றது. மீன்குழம்புச் சாப்பாடும் சேர்ந்துகொள்ள, ரூமானாவுக்குக் கண் சொக்கியது. சொக்கக் கூடாத நாள் அது. நான்கு மணிக்குள் அவள் முடிவு சொல்லியாக வேண்டும். புது வெர்ஷனில் டெவலப்பர் டூல்ஸ், அதாவது வலைப்பக்கத்தின் உள்ளே நோண்டிப் பார்க்கும் கருவிகள், பிரவுசருக்குள்ளேயே இருப்பதா, இல்லை வேண்டியவர்கள் எக்ஸ்டென்ஷனாக, தனித் துணைக்கருவியாக, இறக்கிக்கொள்வதா? இரண்டு மாதமாக இழுத்த சண்டை. அந்தப் பகுதிக்கு அவள்தான் பொறுப்பு என்பதால் கடைசி வார்த்தை அவளுடையது.

அவள் மனசு எந்தப் பக்கம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கருவிகளில் ஒன்றாக, கம்பெனியின் இணைய எக்ஸ்டென்ஷன் கடையில் இருக்கும் 'துழாவி' அவள் பெற்ற பிள்ளை. பார்வை இல்லாதவர்களுக்குத் திரையைப் படித்துச் சொல்லும் குரல், படம் மட்டும் போட்டுப் பெயர் வைக்காத பட்டனைக் கண்டால் வெறுமனே 'பொத்தான்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். அது எதற்கான பட்டன் என்று தேடிப் பார்த்துச் சொல்வது துழாவி. முல்லா வீதி வீட்டில் காய்ச்சலோடு கிடந்த பதினோரு நாளில், தனியாக எழுதியது. கடையில் அதற்குக் கீழே 'ஆக்கியவர்: ரூமானா' என்று இருக்கும். பிரவுசருக்குள் போய்விட்டால் அந்த வரி இருக்காது. ஒரு வரிக்காகவா இரண்டு மாதம் மல்லுக்கட்டினாள் என்று சிரிக்க வேண்டாம். வேறு எதிலும் அவள் பெயர் இருந்ததில்லை.

அரைத் தூக்கத்தில் ஊரே ஒரு வலைப்பக்கமாக விரிந்தது. கோடு போட்ட மாதிரி நேர்நேரான வீதிகள். அவள் பார்த்த வீட்டைச் சுற்றியெல்லாம் மெல்லிய நீலக் கட்டம் விழுந்தது. கடல் காற்றில் மிதந்தபடி கதவு கதவாகத் தட்டிக்கொண்டே போனாள். எல்லாக் கதவுக்குள்ளிருந்தும் ஒரே பதில். பொத்தான். பொத்தான். பொத்தான்.

விழித்த பிறகும் குரல் நிற்கவில்லை. அடுத்த மேசையிலிருந்து வந்துகொண்டிருந்தது. அங்கே சகாயசெல்வி உட்கார்ந்திருந்தாள். அன்று காலைதான் டெஸ்டராகச் சேர்ந்தவள், பார்வை இல்லாதவள். புது லேப்டாப்பில் துழாவியை இறக்கச் சொல்லிவிட்டுத்தான் ரூமானா கண்ணயர்ந்திருந்தாள்.

"என்னம்மா, எறக்கிட்டீங்களா?"

"இல்ல மேடம். ஒரு மணி நேரமா பாக்கறேன், எல்லாத்தயும் பொத்தான்னே சொல்லுது. நான்தான் எங்கயோ தப்பா போறேன்னு நெனைக்கறேன்."

ரூமானா எட்டிப் பார்த்தாள். அவர்களுடைய சொந்த எக்ஸ்டென்ஷன் கடை அது. இருபத்தொரு பட்டன், ஒன்றுக்கும் பெயர் இல்லை. ஊரான் பக்கத்தையெல்லாம் துழாவிக் குறை சொன்ன ஆறு பேரிடமும் துழாவி ஆரம்பத்திலிருந்தே இருந்தது. அதனால் அது இல்லாமல், வெறும் குரலை நம்பி, அதை இறக்குகிற பக்கத்துக்கு ஒருவரும் போனதேயில்லை. வெட்கம் அவளைப் பிடுங்கித் தின்றது.

இத்தனை நாளாக உள்ளேதான் வைக்க வேண்டும் என்று கத்திய ஜெர்ரி, அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தான்.

"இதுக்கா இப்டி இடிஞ்சு போயிட்டீங்க? பேரு வெச்சா முடிஞ்சுது, அர மணி நேர வேலை. துழாவி ஒங்க பேர்லயே வெளிய இருக்கட்டும்க்கா. நான் சண்டைய வுட்டுடறேன்."

அவள் கேட்டது கைக்கே வந்துவிட்டது. சரி என்று சொன்னால் போதும். சகாயசெல்வி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். யாராவது வந்து தனக்காக அழுத்திக் கொடுப்பார்கள் என்று காத்திருந்து பழகிய உட்கார்தல்.

"நம்ம கடை பட்டனுக்கெல்லாம் அப்புறம் பேரு வெச்சிடலாம் ஜெர்ரி. எதயுமே எறக்க வுடாத ஆபீசுல போய் ஒக்காந்தா இவங்க என்னா பண்ணுவாங்க? உள்ள போட்டுடு."

"ஒங்க பேரு போயிடும்க்கா."

"தெரியும்டா."

அந்த வரியை அவளே அழித்தாள். வலித்தது. இல்லை என்று சொன்னால் அது பொய்.

புது வெர்ஷன் பில்டாகித் தயாராக ஐந்தரை ஆயிற்று. அதுவரை ஆறு பேரும் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தூறலைப் பார்த்தபடி, ஏதோ பிரசவ வார்டு வாசலில் நிற்பவர்கள் போல நின்றார்கள். பிறகு சகாயசெல்வி புது பிரவுசரில் இன்னும் பெயர் வைக்காத அதே கடையைத் திறந்து ஒரே ஒரு விசையை அழுத்தினாள். குரல் நிதானமாகச் சொல்லிக்கொண்டே போனது. தேடு. திரும்பு. இறக்கு. அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நொடியே வாடியது.

"இது எப்பவுமே உள்ளதான் இருந்துச்சா மேடம்? பழைய ஆபீசுல எல்லாம்கூட? நான்தான் இத்தினி வருஷமா கண்டுபுடிக்காம வுட்டுட்டனா?"

நான்தான் எழுதினேன் என்பது ரூமானாவின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினாள்.

"இல்லம்மா, இன்னிக்குத்தான் வந்துச்சு. நீங்க எங்கயும் தப்பா போவல. நாங்கதான் லேட்டு."