பொங்கல் நாளில் கடலடி மண்

இந்தக் காலத்து ஆட்களுக்கு வீட்டுக்குள் எதைக் கொண்டுவருவது, எதை வாசலோடு விடுவது என்ற விவஸ்தை கிடையாது. நாயைக் கட்டிலில் படுக்க வைப்பார்கள், பெற்ற தகப்பனைப் பேஸ்மென்டில் போடுவார்கள். சிவநேசத்தின் மருமகள் செல்வமலர் அதற்கும் ஒரு படி மேலே போய், கடலுக்கடியிலிருந்து சேற்றைக் கொண்டுவந்து பின் பல்கனியில் வைத்திருந்தாள்.

"சேறில்லை மாமா, உறைஞ்ச மண். வடதுருவத்துக் கடலுக்குக் கீழ துளைச்சு எடுத்துக் குழாயளில அடைச்சது. அந்தக் காலத்துச் செடிகொடி அதுக்குள்ள அழுகி, மீதேன் காஸ் அடைபட்டுக் கிடக்கு. இளகினால் காஸ் போயிடும். என்ர படிப்பும் அதோட போயிடும்."

ஐஸ் மழையில் மொன்றியலில் கரண்ட் கம்பிகள் அறுந்து விழுந்து, பல்கலைக்கழகத்துக் குளிரறை நின்றுவிட்டது. ஆளுக்கொரு பெட்டியாக வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிரில் வைக்கச் சொன்னார்களாம். சிவநேசம் ஒரு சொல்லையும் நம்பவில்லை. மண்ணுக்குள் காஸாம், அதை எடுக்கக் கப்பலாம்.

தைப்பொங்கல் காலை. டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அவர்கள் தெருவுக்கு இன்னும் கரண்ட் வரவில்லை. மகன் கிருபானந்தன் டோர்வலுக்கு வேலைக்குப் போய்விட்டான். செல்வமலர் ஒரு வாளி வெந்நீரோடு மேலே தலை முழுகப் போனாள். கிழவர் சின்னக் காஸ் அடுப்பைப் பல்கனிக்குத் தூக்கிவந்தார். அது ஒன்றுதான் கிழக்குப் பார்த்த இடம். கோலம் போட வேண்டிய இடத்தில் பெட்டி குந்திக்கொண்டிருந்தது.

செத்து அழுகியதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சூரியனுக்குப் பொங்குவதா? பெட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். வழியில் மூடி கழன்று விழுந்தது. பிறகு பார்க்கலாம் என்று விட்டுவிட்டு, முன்னறையில் விறகு எரிந்துகொண்டிருந்த கணப்போரமாக வைத்தார். பக்கத்தில் குத்துவிளக்கு எரிந்தது. வெளியே வந்து கோலம் போட்டுப் பானையை ஏற்றினார். காற்றில் அடுப்பு அணைந்து அணைந்து எரிய, பால் சூடாக வெகுநேரம் எடுத்தது.

ஈரத்தலையோடு செல்வமலர் கதவில் நின்றாள்.

"மாமா, பெட்டி எங்க?"

"உள்ள வைச்சனான். உது கிடந்த இடத்தில பொங்கேலுமே?"

"உள்ள எங்க?"

"நெருப்படியில. ஏன் பிள்ளை உப்பிடி முழிக்கிறாய்?"

அவள் ஓடினாள். கிழவரும் பின்னால் போனார். பெட்டிக்குள்ளிருந்து சாரைப்பாம்பு சீறுவது போல ஒரு சத்தம். டப்பென்று ஒரு குழாயின் மூடி பறந்து சுவரில் அடித்தது. செல்வமலர் ஈரத் துவாயைக் குத்துவிளக்கின் மேல் போட்டு அமத்தினாள்.

"விளக்கை நூர்க்கிறியே! பொங்கலும் அதுவுமா!"

"நெருப்புப் பிடிக்கும் மாமா! அந்தப் பக்கம் பிடியுங்கோ! கெதியா!"

கணப்பில் விறகு வெடித்துப் பொறி பறந்தது. கிழவர் எட்டி மற்றப் பக்கத்தைப் பிடித்தார். இருவருமாய்ப் பல்கனி தாண்டிப் பனிக்குள் இறக்கினார்கள். அவள் வெறுங்கையால் பனியை அள்ளி அள்ளிக் குழாய்களை மூடினாள். மூடி பறந்த குழாயிலிருந்து கறுத்த சேறு குமிழி விட்டபடி வழிந்தது. மற்றவை இன்னும் கல்லாய் இருந்தன.

"இது போச்சு," என்றாள். "ஆக ஆழத்தில எடுத்தது இதுதான். இனி ஆர் என்னைக் கப்பலில ஏத்துவினம்?"

கிழவர் பல்கனியைத் திரும்பிப் பார்த்தார். பால் பொங்கி வழிந்து அடுப்பை அணைத்திருந்தது. எந்தப் பக்கம் பொங்கியது என்று பார்க்க ஒருவரும் இருக்கவில்லை.

"ஒரு குழாய்ச் சேத்துக்கு இந்தக் கூத்தே?"

"ஒரு குழாய்க்கே இப்பிடியெண்டால் யோசியுங்கோ. கடலுக்குக் கீழ இதுமாதிரி எவ்வளவோ கிடக்கு. கடல் சூடானால் அது இளகும். காஸ் மேல வந்தால் உலகம் இன்னும் சூடாகும்."

"கடல் சூடாக அதென்ன, உன்ர குசினிச் சட்டியே?"

அவள் சிவந்துபோன விரல்களால் பனியை அமத்திக்கொண்டிருந்தாள்.

அவர் உள்ளே போய்க் கோட்டை மாட்டினார். கோயிலிலாவது ஒழுங்காகப் பொங்குவார்கள். தெருவில் ஐஸ் கண்ணாடியாய்க் கிடந்தது. மூக்கு விறைத்தது, காது விறைத்தது. உலகம் சூடாகுதாம். "விசர்ச் சனம்," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு, வழுக்காமல் கால் வைத்து நடந்தார்.