ஸ்டமாட்டா பின்னால் வருகிறாள்

எங்கள் படகில் ஏறும் வண்டிகள் எல்லாம் பின்னோக்கித்தான் ஏற வேண்டும். படகுக்கு ஒரே வாய். முதுகைக் காட்டி நுழைந்தால்தான் அக்கரையில் முகத்தைக் காட்டி இறங்க முடியும். ஒரு காபி குடித்து முடிப்பதற்குள் வந்துவிடுகிற அக்கரைக்கு இத்தனை பாடா என்று வெளியூர்க்காரர்கள் என்னைத் திட்டுவார்கள். நானும் சும்மா இருக்க மாட்டேன். ஏறுபலகையில் நின்று 'எலா, எலா' என்று கை ஆட்டுவதுதான் என் பிழைப்பு. எலா என்றால் வா. நிறுத்த வேண்டுமென்றால் 'ஸ்டமாட்டா' என்று கத்துவேன். இந்த இரண்டு வார்த்தைக்குத்தான் எனக்குச் சம்பளம்.

அந்த ஜூன் மாதக் காலையில் முதல் நடைக்கு ஒரு லாரி வந்தது. அதை ஓட்டி வந்தவள் பேரே ஸ்டமாட்டா. அவள் அப்பா யாகுமிஸ் மாமாவுக்கு வரிசையாக மூன்று பெண்கள். நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததும், போதும், நிறுத்து என்று கடவுளுக்கே உத்தரவு போடுகிற மாதிரி அந்தப் பேரை வைத்து ஞானஸ்நானம் செய்துவிட்டார். எங்கள் தீவுகளில் இப்படிப் பேர் வைப்பது புதிதில்லை. கடவுளும் பேச்சைக் கேட்டார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பையனும் பிறக்கவில்லை, பெண்ணும் பிறக்கவில்லை.

லாரி நிறையத் தேனீப் பெட்டிகள். போன கோடையில் பிடித்த தீ எங்கள் மலையைக் கரியாக்கிவிட்டது. தேனீ உட்கார ஒரு பூ கிடையாது. அக்கரையில் தைம் செடிகள் ஊதாவாகப் பூத்துக் கிடந்தன. அங்கே ஓர் ஆட்டுக்காரர் சரிவில் இடம் தருவதாகச் சொல்லியிருந்தார். வழக்கமாக லாரி ஓட்டும் அவள் புருஷனோ சரக்குக் கப்பலில் வேலை கிடைத்துப் போய்விட்டான். அதனால் அவள் குளிர்காலம் முழுக்க லாரி ஓட்டக் கற்றுக்கொண்டு, இருட்டோடு பெட்டிகளின் வாசலைக் கம்பிவலையால் அடைத்து, தானே ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். அடைத்த பெட்டி வெயிலில் நின்றால் உள்ளே இருப்பதெல்லாம் வெந்து செத்துப்போகும். அடுத்த நடை மத்தியானம்தான். இந்தப் படகை விட்டால் அவளுக்குக் காலிப் பெட்டிகள்தான் மிஞ்சும்.

யாகுமிஸ் மாமா அவளுக்கு முன்னாலேயே படகில் ஏறி என் பக்கத்தில் நின்றுகொண்டார். மகள் லாரி ஓட்டுவதில் அவருக்கு நம்பிக்கை இல்லை; வீட்டில் உட்கார்ந்திருக்கவும் முடியவில்லை. அக்கரை வரை போய், இதே படகில் திரும்பிவிடுவதாகச் சொன்னார்.

"எலா, எலா" என்றேன். லாரி நேராகத்தான் வந்தது. பாதிப் பலகைக்கு வந்தபோது மேல்தளத்திலிருந்து பள்ளிக்கூட டீச்சர் உற்சாகமாகக் கத்தினார்: "எலா, ஸ்டமாட்டா!"

லாரி சடக்கென்று நின்றது. பெட்டிகள் குலுங்கின. உள்ளே ரீங்காரம் எழும்பியது.

அவள் முன்னால் போய் மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஏழெட்டுப் பேர் சேர்ந்து தைரியம் சொன்னார்கள். "பயப்படாதே ஸ்டமாட்டா." நின்றுவிட்டாள். மூன்றாவது தடவை அவள் அப்பாவே கத்தினார். "இடது பக்கம் ஒடி, ஸ்டமாட்டா." ஒடிப்பதற்குப் பதிலாக பிரேக்கை மிதித்தாள். ஒரு சக்கரம் பலகையின் விளிம்புக்கே வந்துவிட்டது.

ஒலிபெருக்கியில் கேப்டன் குரல் வந்தது. "ஸகாரியாஸ், அதை ஏத்துறியா, இல்ல நான் பலகையத் தூக்கட்டுமா? இன்னும் ஒரே தடவைதான்."

அவள் ஜன்னலில் தலையை நீட்டினாள். முகம் வெளுத்திருந்தது. "அண்ணே, ஒண்ணு வான்னு சொல்லுங்க, இல்ல நிறுத்துன்னு சொல்லுங்க. ரெண்டையும் சேர்த்துக் கத்துனா நான் என்ன செய்யறது?"

"நிறுத்துன்னு யாரும்மா சொன்னா?"

"எல்லாரும் அதத்தானே சொன்னீங்க."

அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது. லாரியில் பின்னால் வருகிறவள் காது உத்தரவை மட்டும்தான் தேடும். அதில் பேர் எது, பிரேக் எது?

மேலே திரும்பிக் கத்தினேன். "லாரி ஏறுற வரைக்கும் அவ பேர எவனாவது சொன்னீங்க, கடல்ல தள்ளிருவேன். டீச்சர், உங்களையும் சேர்த்துத்தான்."

"பின்ன என்னன்னு கூப்பிடுறதாம்?"

"வாய மூடிக்கிட்டு இருங்க, போதும்."

ஆனால் அவள் ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுத்தாள். என்ஜினை அணைத்துவிட்டாள். "என்னால முடியாது அண்ணே" என்றாள். எனக்கு அழுகை வராத குறை.

யாகுமிஸ் மாமா என் தோளைப் பிடித்து நகர்த்தினார். கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஓரமாக நின்று, தத்தி நடக்கும் குழந்தையைக் கூப்பிடுவது போல இரண்டு கையையும் நீட்டினார்.

"கண்ணாடியில என்னைய மட்டும் பாரு. எலா, மகளே. எலா, என் தங்கமே."

என்ஜின் உறுமியது. அவர் பின்னோக்கி நடக்க நடக்க லாரி ஒரு தடவை கூட நிற்காமல் வந்தது. படகில் ஒருவரும் மூச்சு விடவில்லை. இரும்புச் சுவரை நெருங்கிவிட்டது. நிறுத்தச் சொல்ல வேண்டும். மாமா வாயைத் திறந்தார், சொல்லவில்லை. லாரியின் பக்கவாட்டில் உள்ளங்கையால் ஓங்கி இரண்டு அடி அடித்தார். லாரி நின்றது.

படகு கிளம்பியதும் அவள் இறங்கிப் பெட்டிகள் மேல் தண்ணீர் தெளித்தாள். "ஏம்ப்பா, நிறுத்துன்னு சொல்லியிருக்கலாம்ல? சுவத்துல இடிச்சிருப்பேன்."

"பொறந்ததுலேருந்து உன்கிட்ட அதத்தானே சொல்லிக்கிட்டு இருக்கேன். இன்னிக்கு வாய் வரல."

"அப்ப பேர மாத்திருவோமா?"

"எண்ணெய் தடவி முழுக்காட்டுன பேரு. பாதிரியார் என்னைய உதைப்பாரு." பக்கத்துப் பெட்டியின் வலையைத் தொட்டுப் பார்த்தார். "நீ பொறந்தப்ப போதும்னு சொன்னேன். சரியாத்தான் சொல்லியிருக்கேன். உனக்கு மேல எனக்கு வேற என்ன வேணும்?"

"பொய்."

"பொய்தான். அப்ப அதுக்காகச் சொல்லல. இப்ப அதுக்காகத்தான் சொல்றேன்."

அவள் வாளியில் மிச்சமிருந்த தண்ணீரில் முகத்தைக் கழுவினாள். நான் கயிற்றைச் சரிசெய்கிற சாக்கில் அந்தப் பக்கம் போய்விட்டேன். அழுகையை மறைக்க எனக்கும் ஓர் இடம் வேண்டியிருந்தது.

அக்கரையில் லாரி முகத்தைக் காட்டிக்கொண்டு சுலபமாக இறங்கியது. திரும்பி வருவதாகச் சொன்ன மாமா அவள் பக்கத்து இருக்கையில் ஏறிக்கொண்டார்.

மத்தியான நடைக்கு முன்னால் அவரிடமிருந்து போன் வந்தது. "ஒரு பெட்டியில கொஞ்சம் செத்துக் கிடக்கு. மத்ததெல்லாம் வலைய எடுத்ததும் வெளியே வந்து நாலு சுத்து சுத்திட்டு, நேரா பூவுக்குப் போயிருச்சு, ஸகாரியாஸ்."

"சந்தோஷம் மாமா. அடுத்த நடையில உங்களக் கூட்டிட்டு வந்துடவா?"

அவர் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து அவள் குரல் கேட்டது. "அப்பா, சீக்கிரம் வாங்க, பெட்டியத் தூக்கணும்."

"எனக்காகக் காத்திருக்காத" என்றார் மாமா. "மக கூப்பிடுறா. வச்சிடுறேன்."