வரிசையில் ஒன்பதாயிரம் பேர்

குடைக் கடையின் இணையதளத்தை வருஷத்தில் பத்து மாதம் யாரும் சீண்டுவதில்லை. ஒரு நாளைக்கு முப்பது பேர் வந்தால் பெரிய விஷயம். அதிலும் பாதிப் பேர் வழி தவறி வந்தவர்கள். மழை வரப்போகிறது என்று வானிலைச் செய்தியில் சொன்ன அன்று மட்டும் ஊரே ஒரே நேரத்தில் வந்து முட்டும்.

தளத்தை உருவாக்கியதும் கட்டிக் காப்பதும் அந்த வீட்டு மருமகள். கடை தரைத்தளத்தில், அவளுடைய மேசை மாடியில், ரப்பர் வாடை போகாத சரக்கு அறைக்குப் பக்கத்தில். போன வருஷம் முதல் மழைச் செய்தி வந்தபோது தளம் நான்கு மணி நேரம் படுத்துவிட்டது. கடையின் சொந்தக்காரரான மாமனார் கோபப்படவில்லை. "முப்பத்தஞ்சு வருஷத்துல நம்ம கடைக் கதவு இப்படி இருந்த இடம் தெரியாமப் போனதில்லையேம்மா" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் அவளுக்கு அன்று தூக்கம் வந்திருக்கும்.

இந்த வருஷம் அவள் முன்கூட்டியே இடுப்பை வரிந்து கட்டினாள். படங்களின் எடையைக் குறைத்தாள். கூடுதல் சர்வர்களை வாடகைக்கு எடுத்தாள். முகப்பில் ஒரு குடை சுற்றிச் சுற்றி விரிந்துகொண்டிருக்கும். அது கணவனின் செல்லக்குழந்தை, யாரும் ரசித்ததாகத் தகவல் இல்லை. அதைச் சத்தமில்லாமல் நிறுத்தினாள். எல்லாவற்றுக்கும் மேலாக, தளத்துக்கு வெளியே ஒரு காத்திருப்புப் பக்கம் வைத்தாள். உள்ளே ஒரு நேரத்தில் இருநூறு பேர்தான். மற்றவர்கள் வெளியே வரிசையில் நிற்க வேண்டும்; ஒருவர் வெளியேறினால் ஒருவர் உள்ளே.

செய்தி எதிர்பார்த்ததைவிட ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. நாளையே மழை தொடங்கும் என்று காலை ஏழு மணிக்குச் சொன்னார்கள். ஏழேகாலுக்கு உள்ளே இருநூறு, வெளியே முந்நூற்று நாற்பது. தளம் அசையாமல் நின்றது. சர்வர்களின் மூச்சைக் காட்டும் பச்சைக் கோடு பச்சையாகவே இருந்தது. எட்டு மணிக்கு அவள் நிதானமாக இன்னொரு டீ குடித்தாள்.

வினை அந்த நிதானத்தில்தான் பிறந்தது.

காத்திருப்புப் பக்கத்தில் 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்று ஒரே வரி இருந்தது. பார்க்கப் பார்க்க அது அரசாங்க அலுவலகச் சுவர் மாதிரி இருந்தது. பாவம், சும்மா நிற்கிறார்களே என்று அவளுக்குக் கை அரித்தது. அரை நிமிஷத்துக்கு ஒன்றாக மாறும்படி சில வரிகளை எழுதிப் போட்டாள்.

'உங்களுக்கு முன்னால் 340 பேர். அவர்களில் ஒருவர், போன வருஷம் உங்களிடம் குடை இரவல் வாங்கிப் போனவராக இருக்கலாம்.'

'பின்னால் நிற்பவர் தள்ளுவது போலத் தோன்றினால் அது பிரமை. அவர் அவருடைய வீட்டில் இருக்கிறார்.'

'குடை எடுத்துப் போகாத நாளில்தான் மழை பெய்கிறது. ஊருக்கு மழை வேண்டும் என்றால் வாங்கிய குடையை வீட்டிலேயே வையுங்கள். ஆனால் முதலில் வாங்குங்கள்.'

இப்படி மொத்தம் இருபது வரிகள் எழுதினாள். எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது. அது நல்ல அறிகுறி என்று அப்போது நினைத்தாள்.

ஒன்பதரைக்கு வெளியே ஆயிரத்து இருநூறு பேர். பத்தரைக்கு நாலாயிரம். மழைச் செய்திக்கு இவ்வளவு வலு உண்டா என்று அவள் வியந்துகொண்டிருந்தபோது, பார்சல் கட்டும் பகுதியைக் கவனிக்கும் நாத்தனார் மாடியேறி வந்தாள். கையில் ஒட்டும் நாடாச் சுருள், முகத்தில் சந்தேகம்.

"அண்ணி, ஒரு கேள்வி. கூட்டம் ஏறிக்கிட்டே போகுதுன்னு சொல்றீங்க. எனக்குக் கீழ ஆர்டர் சீட்டு எட்டு மணிக்கு வந்த வேகத்துல கூட வரல. என் ஆளுங்க கையைக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க."

"எல்லாரும் வரிசையில நிக்கறாங்கடி. முறை வந்ததும் வாங்குவாங்க."

"வாங்க மாட்டாங்க." நாத்தனார் தன் கைபேசியை நீட்டினாள். "என் கூடப் படிச்சவங்க குழுவுல இதான் ஓடுது. பாருங்க."

அந்த இரவல் குடை வரியை யாரோ படம் பிடித்துப் போட்டிருந்தார்கள். அதற்குக் கீழே ஒருத்தி, 'பொறுமையா நில்லுங்க, பதினாலாவது வரிதான் சூப்பர்' என்று எழுதியிருந்தாள். இன்னொருவன், 'எனக்கு முறை வந்துடுச்சு, திரும்பக் கடைசியில போய் நின்னுட்டேன்' என்று பெருமையடித்திருந்தான்.

மருமகள் உள்ளே இருந்த இருநூறு பேரைப் பார்த்தாள். நூற்று எழுபது பேர் எதையும் தொடாமல் முகப்பிலேயே நின்றார்கள். தள்ளிவிடவும் முடியாது, ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம் இடம் உண்டு என்று அவளே விதி வைத்திருந்தாள். கடைக்குள் வேடிக்கை பார்க்கிறவர்கள், கடைக்கு வெளியே கூத்துப் பார்க்கிறவர்கள், நடுவில் எங்கேயோ குடை வேண்டியவர்கள்.

"எவ்வளவு அழகா நம்ம தலையில நாமே மண்ணை வாரிப் போட்டுக்கிட்டோம்" என்றாள்.

"நாமேன்னு சொல்லாதீங்க. நான் கீழ பார்சல் கட்டிட்டிருந்தேன்" என்றாள் நாத்தனார்.

அப்போது தொலைபேசி அடித்தது. பள்ளி வேன் ஓட்டும் ஒரு பெண். வேனில் ஒரு பக்கத்து ஜன்னல் கண்ணாடி முழுசாக ஏறாமல் பாதியில் நின்றுவிடுமாம். அந்தப் பக்கம் உட்காரும் ஏழு பிள்ளைகளுக்கும் நாளைக்கு மழைக்கோட்டு வேண்டும். ஒன்றரை மணி நேரமாக வரிசையில் நிற்கிறாள்.

"சிரிப்பு சிரிப்பா எழுதியிருக்கீங்க, நல்லாத்தான் இருக்கு. ஆனா ஒரே இருபது வரிதானே. எனக்கு எல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. களைப்புதான் இருந்தது.

மருமகளுக்கு முகம் சுட்டது. ஏழு கோட்டுகளையும் எடுத்து வைக்கச் சொல்லி அளவுகளைக் குறித்துக்கொண்டாள். ஆனால் போன் செய்யத் தோன்றாமல் நின்றுகொண்டிருக்கும் மற்றவர்கள்?

வரிகளை மொத்தமாக அழித்தாள். 'தயவுசெய்து காத்திருக்கவும்' மறுபடி வந்தது. நிலைமை இன்னும் மோசமானது. பக்கம் பழுதாகிவிட்டது என்று நினைத்து ஆளாளுக்குத் திரும்பத் திரும்பத் திறந்தார்கள். ஐந்து நிமிஷத்தில் எண்ணிக்கை ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. பச்சைக் கோடு மஞ்சளானது. வாடகைக்கு எடுத்த சர்வர்கள் எல்லாம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தன. கதவை முழுசாகத் திறந்துவிட்டால் போன வருஷக் கதைதான்.

இந்த நேரம் பார்த்துக் கணவன் வெளியூர்ச் சரக்குக் கிட்டங்கியிலிருந்து அழைத்தான். "ஏன் என் குடை சுத்தல?" என்றான்.

"நாங்க எல்லாரும் அதுக்குப் பதிலா சுத்திக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

படிக்கட்டில் மூச்சு வாங்கும் ஓசை கேட்டது. மாமனார். வாடிக்கையாளர் ஒருவர் கடையில் விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். கடையை வேறொருவரிடம் ஒப்படைத்துவிட்டு மேலே வந்திருந்தார்.

"ஒம்பதாயிரம் பேர் நம்ம வாசல்ல நிக்கறாங்களாமே?"

"ஆமா மாமா."

"நிக்கறவங்களுக்கு யாரும் எதுவும் சொல்றதில்லையா?"

"என்ன சொல்றது?"

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "குடையைப் பத்திச் சொல்லலாமே. கம்பின்னா என்ன, துணின்னா என்ன, மக்களுக்கு யார் சொல்லித் தர்றா? நான் சொல்றேன், நீ எழுதிப் போடு."

நாத்தனார் அண்ணியைப் பார்த்தாள். அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். அப்பா குடைக் கம்பியைப் பற்றி ஆரம்பித்தால் வீட்டில் யார் யார் எந்தெந்த அறைக்கு நழுவுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

"சொல்லுங்க மாமா, ஒரு வார்த்தை விடாம எழுதறேன்" என்றாள் மருமகள், ரொம்பவும் பணிவாக.

மாமனார் கண்ணை மூடிக்கொண்டு தொடங்கினார்.

"குடைக்கு எட்டுக் கம்பி, பத்துக் கம்பி, பதினாறு கம்பின்னு உண்டு. முதல்ல எட்டுக் கம்பியை எடுத்துப்போம். எட்டுக் கம்பியிலயே ரெண்டு வகை."

அவள் தட்டத் தட்ட, காத்திருப்புப் பக்கத்தில் அது வரிவரியாக ஏறியது. கம்பிகளின் வளைவு. வளைவைத் தாங்கும் மூட்டு. மூட்டில் துரு பிடிக்கும் ஆறு இடங்கள். மூன்றாவது இடத்துக்கு வரும்போது எண்ணிக்கை ஏழாயிரத்து எண்ணூறு. கைப்பிடிகளுக்குள் நுழைந்தபோது ஐயாயிரம். வளைந்த கைப்பிடிக்கும் நேர்க் கைப்பிடிக்கும் உள்ள பிணக்கை அவர் விளக்கியபோது ஒரே நிமிஷத்தில் அறுநூறு பேர் எழுந்து போனார்கள்.

நாத்தனார் ஒட்டும் நாடாவை வாயில் வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள். தோள் குலுங்கியது.

"எத்தனை பேர் கேக்கறாங்கம்மா?" என்றார் மாமனார், கண்ணைத் திறக்காமலே.

"வேணுங்கறவங்க எல்லாரும் கேக்கறாங்க மாமா."

"அப்ப துணிக்குப் போவோம்."

துணியில் மட்டும் இருபது நிமிஷம். மஞ்சள் கோடு மறுபடி பச்சையானது. முடிவில் வெளியே நானூற்றுப் பத்துப் பேர் மிஞ்சினார்கள். அத்தனை பேரும் குடை வேண்டியவர்கள். இல்லாவிட்டால் அவ்வளவையும் தாங்கிக்கொண்டு நின்றிருக்க மாட்டார்கள். வேடிக்கைக்காரர்கள் போன இடத்தில் அவர்கள் விறுவிறுவென்று உள்ளே நுழைந்தார்கள். கீழே ஆர்டர் சீட்டு அச்சாகும் கருவி விடாமல் கரகரத்தது. நாத்தனார் இரண்டிரண்டு படியாக இறங்கி ஓடினாள்.

வேடிக்கை என்னவென்றால், பதினாறு கம்பிக் குடை எல்லா வருஷமும் தேங்கிக் கிடக்கும். அன்று அதுதான் முதலில் தீர்ந்தது. கேட்டவர்கள் சும்மா கேட்கவில்லை.

மருமகளுக்கு லேசாக உறுத்தியது. "மாமா, ஒண்ணு சொல்லணும். அந்த ஒம்பதாயிரம் பேரும் கடைசி வரைக்கும் இருக்கல."

"இருந்திருந்தா எனக்கு வருத்தமா இருந்திருக்கும்" என்றார் அவர், எழுந்து முழங்காலைத் தடவிக்கொண்டே. "கடை மூடற நேரத்துல வாங்காம வம்பளக்க நாலு பேர் வந்து நிப்பாங்க. போங்கன்னு சொல்ல முடியுமா? எட்டுக் கம்பியில ஆரம்பிப்பேன். இன்னி வரைக்கும் எவனும் கைப்பிடியைத் தாண்டினதில்ல."

இவ்வளவு நாளும் வீட்டில், சாப்பாட்டுக்குப் பிறகு, எல்லோரும் எழுந்து போகும்படி அவர் கம்பியைப் பற்றிப் பேசியது எதற்காக என்று ஒரு கணம் யோசித்தாள். கேட்கத் துணிவு வரவில்லை. அவர் படியிறங்கிப் போனார்.

நாலு மணிக்கு வேன் ஓட்டும் பெண் நேரிலேயே வந்துவிட்டாள். பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியாம். வேனைத் தெருவோரம் நிறுத்திவிட்டுக் கடைக்குள் வந்து, ஏழு கோட்டுகளையும் ஒவ்வொன்றாக உதறிப் பார்த்தாள். ஒன்று மட்டும் பெரிதாக இருந்தது.

"இது யாருக்கு?" என்றாள் மருமகள்.

"ஒருத்தி இருக்கா, ஆறு வயசு. சின்னது போடமாட்டேன், வளர்றேன்னு சொன்னா."

வேறு அளவு எடுத்துத் தருவதாக மருமகள் சொன்னாள். அந்தப் பெண் வேண்டாமென்று தலையாட்டிவிட்டு, பெரிய கோட்டை மற்றவற்றோடு மடித்துக்கொண்டாள். வாசலில் நின்று வானத்தைப் பார்த்தாள். ஒரு பொட்டு மேகம் இல்லை.

"நாளைக்கு வருமா?" என்று கேட்டாள்.

"வரும்னுதான் சொன்னாங்க" என்றாள் மருமகள். அவளோடு கூடவே வேன் வரை போய், பாதியில் நின்றிருந்த அந்தக் கண்ணாடியை ஒரு கை பிடித்துத் தள்ளிப் பார்த்தாள். இரண்டு விரல்கடை ஏறியது. அதற்குமேல் ஏறவில்லை.