ஓர் அடக்கு

மேனேஜர் கூப்பிடுகிறார் என்று செய்தி வந்ததும் சந்திரகலா முதலில் தன் பை இருக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டாள். பெட்டாலிங் ஜெயாவில் ரேடியோச் சாமான் செய்யும் அந்தத் தொழிற்சாலையில், யாழ்ப்பாணத்துக்காரர் சீவரத்தினம் மேனேஜரின் அறைக்குப் போன பெண்களில் பாதிப் பேர் திரும்பி வந்து எடுத்தது தங்கள் பையைத்தான். சாலாக் செலாத்தானில் இருந்த வீட்டில் இவள் சம்பளத்தை நம்பி நான்கு வாய் இருந்தது.

வினை அவளே தேடிக்கொண்டது. ஞாயிறு பத்திரிகையில் புனைபெயரில் ஒரு விஞ்ஞானத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். சூரியனே இல்லாத கிரகம். பகலும் இரவும் இல்லாத இடத்தில் நேரத்தை எதை வைத்து அளப்பது? கெட்டிக்காரி, தானே அளவு கண்டுபிடித்தாள். ஈயம் உருகி ஆறும் நேரம் ஒரு பொட்டு. நாற்பது பொட்டு ஒரு தட்டு. பதினாறு தட்டு ஓர் அடக்கு. அதாவது, அந்தக் கிரகத்து அடிமைப் பெண் சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து வேலை பார்க்கக்கூடிய நேரம். அதற்கு முன் எழுந்தால் தண்டனை.

புனைபெயர் வைத்தவள் கொஞ்சம் புத்தியும் வைத்திருக்கலாம். ஈயம் வைத்து ஒட்டுவதைப் பொட்டு என்று சொல்வது, அந்தத் தொழிற்சாலையில் அவள் உட்காரும் மூன்றாம் வரிசைப் பெண்கள் மட்டும்தான்.

மேனேஜர் மேசையில் பத்திரிகை விரித்துக் கிடந்தது. அடக்கு என்ற சொல்லுக்குக் கீழே சிவப்பு மையில் கோடு.

“நீர்தானே எழுதினது?”

பொய் சொல்ல வாய் வரவில்லை. “ஆமா சார்.”

“அறுநூற்று நாற்பது பொட்டு. எங்க எடுத்தனீர் இந்தக் கணக்கை?”

“என் சீட்ல உட்காந்து நானே எண்ணிப் பார்த்தேன் சார்.”

அவர் திட்டவில்லை, சிரித்தார். அதுதான் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது.

“இந்தப் பெட்டையளை எத்தினை மணிக்கொருக்கா டாய்லெட்டுக்கு விடுறது எண்டு ரெண்டு வருஷமா மண்டையை உடைச்சுக்கொண்டிருந்தனான். நல்ல வேலை செய்தீர். போய் வேலையைப் பாரும்.”

வேலை தப்பியது.

மறுநாள் காலை சுவரில் தமிழிலும் மலாயிலும் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. ஓர் அடக்கு முடியாமல் யாரும் கழிவறைக்கு எழுந்து போகக் கூடாது. மீறினால் வேலை இல்லை. ஓர் அடக்கு என்பது அறுநூற்று நாற்பது பொட்டு.

பக்கத்து இருக்கை வீரம்மாவுக்கு ஆறு மாதக் கர்ப்பம். முந்நூறாவது பொட்டிலேயே நெளிய ஆரம்பித்தாள். நானூற்றில் அவள் நெற்றியெல்லாம் வேர்த்தது.

“எந்தப் பாவி போட்டுக் குடுத்த கணக்குடி இது? முடியல லா.”

இதற்கு மேலும் வாயை மூடிக்கொண்டிருந்தால் தான் மனுஷியே இல்லை என்று சந்திரகலாவுக்குத் தோன்றியது. வேலை போனால் போகட்டும் என்று எழுந்து போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாள்.

“சார், அந்தக் கணக்கு தப்பு. நான் எண்ணுனது ஒரு வெள்ளிக்கிழமை. அன்னிக்கு எனக்கு விரதம். காலையிலேர்ந்து பச்சைத் தண்ணி பல்லுல படல. தண்ணி குடிச்சவங்களால அவ்வளவு நேரம் முடியாது சார்.”

சீவரத்தினம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவள் சொன்னதை நன்றாக யோசித்தார். அவர் முகத்தில் கோபமே இல்லை.

“ஓமோம், நீர் சொல்லுறதும் சரிதான்” என்று ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அவள் பக்கம் தள்ளினார். “அப்ப நோட்டீசில இன்னொரு வரி சேர்ப்பம். வேலைக்கு வாற நாளில ஒருத்தரும் தண்ணி குடிக்கப்படாது. நீர்தானே எழுத்தாளர், தமிழில வடிவா எழுதித் தாரும்.”