ஐந்தாவது வருஷம்

இரண்டு கல்லூரிகளுக்கும் அப்படி ஒன்றும் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டும் சென்னையில் இருந்தன. இரண்டும் பெண்களுக்கென்றே புதிதாகத் திறந்தவை. ஒரே பல்கலைக்கழகத்துப் பரீட்சைதான் இரண்டுக்கும். ஒன்று கடலைப் பார்த்து நின்றது, மற்றது மாந்தோப்புக்குள் இருந்தது. அதனால் பூவம்மா ஒன்றுக்குக் கடற்கரைக் கல்லூரி என்றும் மற்றதற்குத் தோப்புக் கல்லூரி என்றும் மனசுக்குள் பெயர் வைத்துக்கொண்டாள்.

சீனியர் கேம்பிரிட்ஜ் பரீட்சையில் தேறிய தமிழ்ப் பெண் என்று சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் தேடினால் அவளை விட்டால் ஆள் கிடையாது. பள்ளிக்கூடத்து மிஸ்தான் இரண்டு கல்லூரிகளின் விவரப் புத்தகங்களையும் வரவழைத்துக் கொடுத்தார். அப்பா தங்கராஜு கப்பல் கம்பெனி ஒன்றில் பெரிய கிராணி, குமாஸ்தாக்களுக்கெல்லாம் மேலே. புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு மகளிடமே திருப்பிக் கொடுத்தார்.

"நீயே பாத்துச் சொல்லும்மா. படிக்கப் போறவ நீதானே. எதுன்னாலும் எனக்குச் சம்மதம்."

எதைப் பூவம்மாவிடம் கேட்டு அந்த வீட்டில் செய்திருக்கிறார்கள்? கட்டுகிற சேலையைக்கூட அம்மாதான் எடுத்து வைப்பாள். நீயே சொல் என்று அப்பா சொன்னதும் அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒரு வாரம் அந்தப் புத்தகங்களோடே குடித்தனம் நடத்தினாள். கடற்கரைக் கல்லூரியில் டென்னிஸ் விளையாடலாம். தோப்புக் கல்லூரியில் வருஷத்துக்கொரு நாடகம், ஆண் வேஷமும் பெண்களே போடுவார்களாம். ஒரு விடுதியில் மாடி வராந்தாவில் கட்டில் போட்டுக் கடல் காற்றில் தூங்கலாம். இன்னொன்றில் ஆளுக்கொரு மேஜை, மேஜைக்கொரு விளக்கு. தனக்கே தனக்கென்று ஒரு விளக்கு எரிவதை நினைத்தால் தோப்பு ஜெயிக்கும். கடலை நினைத்தால் அது தோற்கும்.

ஒன்றே ஒன்றுதான் நிஜமான வித்தியாசம். கடற்கரைக் கல்லூரியில் ஆனர்ஸ் இருந்தது. ஒரே பாடத்தை ஆழமாக மூன்று வருஷம் படிக்க வேண்டும். தோப்பில் சாதாரண பி.ஏ. மட்டும். அதற்கு இரண்டு வருஷம் போதும். முதல் இரண்டு வருஷ இன்டர்மீடியட் எங்கே சேர்ந்தாலும் உண்டு.

பக்கத்து வீட்டுக் கதீஜாவிடம் அதையெல்லாம் பின்கட்டுச் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்துச் சொன்னாள். கதீஜா மளிகைக் கடை நெய்னா முகம்மதுவின் மகள். இருவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். பெரியவளானதும் கதீஜாவை நிறுத்திவிட்டார்கள். சந்துக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டில். காற்று திரும்பினால் பேச்சை நிறுத்தி இருவரும் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

"டென்னிஸ் கிடக்குது லா," என்றாள் கதீஜா. "மாமன் மவனா, அத்தை மவனா, அதைச் சொல்லு முதல்ல."

"என்னடி உளர்றே?"

"நானா உளர்றேன்? உங்கம்மா எங்கம்மாகிட்டச் சொல்லிட்டுப் போறாங்க. எங்கண்ணன் மவன் தங்கமான பிள்ளை, அவ தோப்புக்குத்தான் போவணும்னு. உங்கப்பா எங்க வாப்பாகிட்ட வந்து, என் தங்கச்சி மவன் வக்கீலாப் போறான், கடற்கரைதான் நல்லதுன்னு. கடை பூரா தெரியும். படிச்ச புள்ளைக்குத்தான் தெரியலை."

பூவம்மா உள்ளே ஓடிப் புத்தகங்களை மறுபடி திறந்தாள். இரண்டிலும் ஒரே மாதிரி விதி இருந்தது. ஏற்கெனவே படித்த விதிதான். விடுதியில் சேரும் பெண்ணுக்குச் சென்னையிலேயே உறவுக்காரர் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். விடுமுறை நாளில் அவர் வீட்டுக்கு மட்டுமே அனுப்புவார்கள். கடற்கரைக் கல்லூரிக்குக் கூப்பிடு தூரத்தில் திருவல்லிக்கேணியில் அத்தை வீடு. தோப்பின் பின்வாசலைத் தாண்டினால் மாணிக்கம் மாமா வீடு. முறை மாப்பிள்ளை இருக்கிற வீட்டுக்கு விடுமுறை தவறாமல் வயசுப்பெண் போய்ச் சாப்பிட்டு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். நீயே சொல் என்று அப்பா கேட்டது கல்லூரியை இல்லை.

இரண்டு பேரையும் அவள் பார்த்திருக்கிறாள். மாமா மகன் இராமசாமி சாது. சின்ன வயசில் அவளுக்காக மரமேறிக் கையை உடைத்துக்கொண்டவன். அத்தை மகன் வைத்திலிங்கம் போன வருஷம் சிங்கப்பூருக்கு வந்திருந்தான். சாப்பிடும்போது செய்தித்தாளை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இவள் பேசிய இங்கிலீஷில் உச்சரிப்பைத் திருத்துவதற்கு மட்டும் எடுத்தான். அவனைக் கட்டுவதா இவனைக் கட்டுவதா என்று யோசித்தபோது, இரண்டுமே வேண்டாம் என்பதைத் தவிர அவளுக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

முதலில் அப்பாவிடம் போனாள்.

"அப்பா, கடற்கரையிலே சேர்ந்துட்டு மாமாவையே கையெழுத்துப் போடச் சொல்லலாமே?"

"அத்தை வீட்டை வாசல்ல வச்சுக்கிட்டு, டிராம் ஏறி மாமன் வீட்டுக்குப் போவியா? என் தங்கச்சி நாண்டுக்கிட்டுச் சாவா."

தோப்பில் சேர்ந்து அத்தையைக் கையெழுத்துப் போடச் சொல்லலாமா என்று அம்மா சரஸ்வதியிடம் கேட்டாள். அம்மா குழவியை அழுத்த, அம்மியில் மிளகாய் அரைபடுகிற சத்தம் கூடியது.

கடைசியாகப் பள்ளிக்கூடத்து மிஸ் ஒரு வழி சொன்னார். சென்னையில் அவருடைய தோழி ஒரு துரைசானியம்மா, பொறுப்பேற்கத் தயார். பூவம்மா அதை வீட்டில் சொல்லி முடிப்பதற்குள் அப்பாவும் அம்மாவும் ஒரே பக்கம் சேர்ந்துவிட்டார்கள். அந்த மாதத்திலேயே அவர்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

"ரெண்டு வீடு இருக்கையில மூணாம் மனுஷி எதுக்கு?" என்றார் அப்பா.

"அப்புறம் சிலுவையைப் போட்டுக்கிட்டு வந்து நிப்பா," என்றாள் அம்மா. "பிடிக்கலைன்னா படிப்பே வேணாம். இங்கேயே மாப்பிள்ளை பாத்துடலாம்."

அதோடு மூன்றாவது கதவும் சாத்தியாகிவிட்டது. புத்தகங்களைத் தொடவே பூவம்மாவுக்குப் பிடிக்கவில்லை. டிராம் மணியடித்துக்கொண்டு போவதை ஜன்னலில் நின்று பார்த்தாள். அது தண்டவாளத்தை விட்டு எங்கே போய்விடும் என்று தோன்றியது. பிறகு திரும்பி வந்து விதிகளை மட்டும் வரி வரியாகப் படித்தாள். டென்னிஸும் நாடகமும் கண்ணில் படவில்லை.

அடுத்த நாள் சாப்பாட்டின்போது சொன்னாள்.

"கடற்கரைக் கல்லூரி. இங்கிலீஷ் ஆனர்ஸ்."

அம்மா அவள் இலையில் வைக்கவந்த கூட்டைத் திரும்பப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டாள். அண்ணன் மகனுக்கு என்ன குறை என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை. அப்பாவின் முகம் மலர்ந்தது. அன்று சாயங்காலமே கிளப்புக்குப் போய், மகள் ஆனர்ஸ் படிக்கப் போகிறாள், இந்த ஊரில் அந்தப் பேரையே எவனும் கேட்டிருக்க மாட்டான் என்று சொல்லிவிட்டு வந்தார். மறுநாள் ஆபீஸ் துரையிடமும் சொன்னார்.

கதீஜா சுவருக்கு மேல் தலையை நீட்டினாள்.

"அப்ப வக்கீலைத்தான் பிடிச்சிருக்கா? இனிமே வாய்தாவுக்கு வாய்தாதான் பேச்சா?"

"அவனை எனக்குக் கண்டாலே ஆகாது."

"அப்புறம் ஏண்டி?"

"தோப்புன்னா நாலு வருஷம். கடற்கரைன்னா அஞ்சு. யாரைக் கட்டினாலும் கட்டித்தான் ஆகணும். ஒரு வருஷம் கூடக் கிடைக்குது."

கதீஜா கேலியை விட்டுவிட்டுத் தாவணி முனையைப் பல்லில் கடித்தாள்.

"நல்ல பிள்ளையை விட்டுட்டு அந்தத் திமிர் பிடிச்சவனா? அந்த ஒரு வருஷத்துல என்ன பண்ணுவே?"

"தெரியலை. ஆனா அது என்னோடது."

அத்தைக்கு விஷயம் போனதும், கப்பல் ஏறுவதற்கு முன்னால் வெற்றிலை பாக்கு மாற்றிவிட வேண்டும் என்று தந்தி வந்தது. அத்தை வீட்டுக்காரரின் பங்காளி ஒருவர் இதே சிங்கப்பூரில், தஞ்சோங் பகாரில் இருந்தார். அவரே அவர்கள் சார்பில் தட்டு வாங்கிக்கொள்வார். அப்பா நாள் பார்த்துவிட்டு வந்து மகளைக் கூப்பிட்டார்.

"படிப்பு முடிஞ்ச கையோட கல்யாணம். சரிதானே?"

"ஆனர்ஸ் முடிஞ்சு, அப்பா."

"ஆமா, அதுதான். நாலு வருஷம்."

"அஞ்சு."

அப்பா வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "அஞ்சா? பி.ஏ.ன்னா நாலுதானே?"

"ஆனர்ஸுக்கு ஒரு வருஷம் கூட. இந்த ஊர்ல யாரும் கேள்விப்படாதது சும்மா வருமா?"

அவர் அவளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். கிளப்பில் சொல்லியாகிவிட்டது. துரை கைகுலுக்கி வாழ்த்தியாகிவிட்டது. இனிப் பேச்சை மாற்ற முடியாது. கொஞ்சம் யோசித்துவிட்டு அவரும் ஒரு காயை நகர்த்தினார்.

"நாலாவது வருஷம் முடிவுல தாலி கட்டிட்டா? கடைசி வருஷத்தைக் கட்டிக்கிட்டே படியேன்."

"கல்லூரியிலேயே கல்யாணமான பொண்ணுக்கு இடமில்லை. விதியிலே இருக்கு. எடுத்துக் காட்டட்டுமா?"

"வேணாம்." வெற்றிலையை வாயில் போட்டு மென்றார். "நீதான் வக்கீலாயிருக்கணும்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடத்தில் பாய் விரித்து வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். தஞ்சோங் பகார் பெரியவர் புது வேட்டி சரசரக்க வந்து உட்கார்ந்தார். அம்மா மூன்று வாரமாகப் பேசவில்லை, ஆனாலும் பூவம்மாவுக்குச் சேலை எடுத்து வைத்திருந்தாள். பூவம்மாவைக் கிழக்குப் பார்த்து உட்கார வைத்தார்கள். தட்டு இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்குப் போனது. வந்திருந்த பெண்கள் அவளை இப்போதே வக்கீல் வீட்டம்மா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். இதுவரை ஒரு கடுதாசிகூட எழுதாத வைத்திலிங்கத்தின் பேரை ஒருத்தி காதில் சொல்லிச் சிரித்தாள்.

"பொண்ணையும் ஒரு வார்த்தை கேட்டுடலாம்," என்று பெரியவர் வேடிக்கையாகச் சொன்னார். "என்னம்மா, சம்மதம்தானே?"

எல்லோரும் சிரித்தார்கள். பூவம்மா வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாள் என்பது அவளுக்கே நிச்சயமில்லை. அதற்குள் பக்கத்தில் இருந்த பெண் ஒரு பிடி சர்க்கரையை அள்ளி அவள் வாயில் போட்டுவிட்டாள்.